வலித்தல்

தமிழில் முதுகைப் பற்றிப் பேச்செடுத்தால் அது பெரும்பாலும் அவமானத்தில்தான் போய் முடிகிறது. புறமுதுகு காட்டினான், முதுகில் குத்தினான், முதுகு சொறிகிறான், அடுத்தவன் முதுகில் ஏறிச் சவாரி செய்கிறான். மாணவிகளுக்குப் புறநானூறு எடுக்கும்போது ஆண்டுதோறும் இரண்டு முதுகுகளைக் கடந்துதான் போக வேண்டியிருக்கிறது. ஒன்று வெண்ணிப் போரில் கரிகாலனிடம் புறப்புண் பட்டு, அந்த நாணத்தில் வடக்கிருந்த சேரனுடையது. வென்றவனைவிடத் தோற்றவன் மேலானவன் என்று வென்றவனிடமே சொன்ன வெண்ணிக் குயத்தியாரின் 66ஆம் பாட்டு. இன்னொன்று 278ஆம் பாட்டில் வருகிறது. பாடியவர் காக்கைப்பாடினியார் நச்செள்ளையார். மகன் முதுகு காட்டினான் என்று யாரோ சொல்லக் கேட்டு, அது உண்மையானால் அவனுக்குப் பால் கொடுத்த மார்பை அறுத்துவிடுவேன் என்று வாளோடு களத்துக்குப் போன கிழவியின் கதை அது. பாடியவர்கள் இருவரும் பெண்கள். பேசப்படும் முதுகுகள் இரண்டும் ஆண்களுடையவை.

பெண்ணின் முதுகைத் தேடினால் எனக்குக் கூந்தல்தான் கிடைக்கிறது. தோளுக்கு மூங்கில் உண்டு, இடைக்கு மின்னல் உண்டு, முதுகு கூந்தலுக்குப் பின்னால் எங்கோ இருக்கிறது. எனக்கே என் முதுகு அப்படித்தான் இருந்தது. 44 வயதில்தான் அதைச் சந்தித்தேன். இடம்: குந்தாரப்பள்ளி கூட்ரோடு. ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் ஜிம்.

குந்தாரப்பள்ளியைத் தெரியாதவர்களுக்காக: கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையில், வேப்பனப்பள்ளிக்குச் சாலை பிரியும் இடம். வேப்பனப்பள்ளியைத் தாண்டினால் கர்நாடகமும் ஆந்திரமும் கைக்கெட்டும் தூரம். ஒரே டீக்கடையில் தெலுங்கு, கன்னடம், உருது, தமிழ் நான்கும் கேட்கும். வெள்ளிக்கிழமை சந்தைக்குப் பேர்போன ஊர். பக்ரீத்துக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரங்களில் ஆடுகளும் வண்டிகளுமாக நடக்க இடமிருக்காது. வாங்க வருகிறவர்கள் ஆட்டின் முகத்தைப் பார்ப்பதில்லை. இடுப்புக்கு மேலே முதுகெலும்பின் இரண்டு பக்கமும் விரல் வைத்து அழுத்திப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். கறி அங்கேதான் தெரியும். முதுகின் மதிப்பு தெரிந்தவர்கள் என்று இந்த ஊரில் அவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

ஜிம்முக்கு நான் போனது உடம்பைக் குறைக்க அல்ல. மூன்று பீரியட் நின்று பாடம் எடுத்துவிட்டு, 60 விடைத்தாள் திருத்தினால், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே யாரோ ஆணி அடித்த மாதிரி இருந்தது. பார்த்த டாக்டர் எலும்பில் ஒன்றும் இல்லை, தசைக்கு வேலை கொடுங்கள் என்றார். 'வேலையா? காலை ஐந்திலிருந்து அதைத்தானே கொடுக்கிறேன்' என்று சொல்ல வாய் வந்தது. அதைப் பிறகு பேசுகிறேன்.

சொல்லிக் கொடுக்கிறவளுக்கு 26 வயது. கல்லூரியில் கபடி ஆடியவள். இரண்டு வருடம் ஒரு கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் நின்றுவிட்டு இங்கே வந்தவள். வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். முதல் வாரமே என் கையில் 4 கிலோ டம்பெல்லைக் கொடுத்து, "ரோ போடலாம்க்கா" என்றாள்.

ரோ என்றால் துடுப்பு வலிப்பது. உட்கார்ந்து கேபிளை வயிற்றுக்கு இழுக்கலாம், குனிந்து நின்று பார்பெல்லை இழுக்கலாம், பெஞ்சில் ஒரு கையை ஊன்றி மறு கையால் டம்பெல்லைத் தூக்கலாம். எல்லாமே எதிரில் இருப்பதைத் தன்னை நோக்கி இழுக்கும் செயல்தான். தமிழில் இதற்கு என்ன வினை என்று யோசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. துடுப்பு வலித்தல். வலி என்றால் இழு. வலி என்றால் நோவு. வலி என்றால் பலமும்கூட. திருக்குறளில் 48ஆம் அதிகாரத்தின் பெயரே வலியறிதல்தான், அங்கே நோவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இழுப்பு, நோவு, பலம் மூன்றையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் மொழியில், பெண்களாகிய நாம் 'வலி' என்று சொல்லும்போது மட்டும் ஒரே ஒரு பொருள்தான் எல்லோருக்கும் கேட்கிறது.

பெஞ்சில் செய்யும் ரோவைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதைப் படித்துவிட்டு யாராவது ஒருத்தி செய்து பார்க்கக்கூடும். இடது உள்ளங்கையும் இடது முழங்காலும் பெஞ்சில். வலது கால் தரையில், சற்றுத் தள்ளி, ஊன்றி. தலையிலிருந்து வால் எலும்பு வரை ஒரு பலகையை வைத்தால் உருண்டுவிடாத அளவுக்கு முதுகு நேராக. குனிவது இடுப்பு மூட்டிலிருந்து. வயிற்றை உள்ளே மடித்து முதுகை வில்லாக்குவது குனிவதல்ல. பார்வை தரையில், ஓரடி முன்னால். கண்ணாடியில் தன்னைப் பார்க்கத் தலையைத் தூக்கினால் கழுத்து பிடித்துக்கொள்ளும். யாரோ வயிற்றில் குத்த வருகிறார்கள் என்பதுபோல வயிற்றை இறுக்கிக்கொள்ள வேண்டும், எக்கக் கூடாது. வலது கையில் டம்பெல் தொங்குகிறது. தொங்கும்போது தோள்பட்டை எலும்பும் கையோடு கொஞ்சம் கீழே வழுக்கி வரட்டும். அதையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் தசை நீளாது.

இப்போது இழுக்க வேண்டும். இங்கேதான் புதிதாக வரும் எல்லோரும் கையால் இழுப்பார்கள். நாம் வாழ்நாள் முழுக்கப் பொருள்களைக் கையால்தான் பிடித்திருக்கிறோம், கை முந்திக்கொள்கிறது. முன்கை மடங்கி, மேல்கையின் முன்தசை எல்லாப் பாரத்தையும் தன் தலையில் போட்டுக்கொண்டு பத்தாவது தடவைக்குள் சோர்ந்துவிடும். முதுகுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அவள் சொன்னாள்:

"கைய மறந்துடுங்கக்கா. கை வெறும் கொக்கி. முழங்கைய இழுங்க. பேன்ட்டுக்குப் பின்பாக்கெட் இருக்குல்ல, முழங்கைய அதுல போடற மாதிரி."

என் பேன்ட்டில் பின்பாக்கெட் இல்லை. பெண்களுக்குத் தைக்கும் எதில்தான் பாக்கெட் இருக்கிறது? இருந்தாலும் புரிந்தது. முழங்கை மார்புப் பக்கம் நேர் மேலே போகாமல் இடுப்பெலும்பை நோக்கிச் சாய்வாகப் போகும்போது, அக்குளுக்குக் கீழே, விலாவை ஒட்டி, இதுவரை நான் கேள்விப்படாத ஏதோ ஒன்று சுருங்கியது. லாட்டிசிமஸ் டார்சை. லத்தீனில் 'முதுகிலேயே அகலமானது' என்று பொருள். கீழ்முதுகின் முள்ளெலும்புகளிலும் இடுப்பெலும்பின் விளிம்பிலும் தொடங்கி, விசிறிபோலக் குவிந்து, மேல்கை எலும்பின் முன்பக்கத்தில் போய் முடிகிறது. இடுப்பையும் கையையும் நேரடியாக இணைக்கும் தசை. குடத்தை இடுப்பில் வைத்துக் கையால் அணைத்துப் பிடிக்கிறோமே, அப்போதெல்லாம் வேலை செய்தது இதுதான்.

முழங்கையை உடம்பை விட்டு அகற்றி, நெஞ்சுப் பக்கம் இழுத்தால் வேலை மேலே நகர்கிறது: தோளின் பின்பக்கத் தசைக்கும், தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவிலுள்ள ராம்பாய்டுக்கும், அதற்கு மேலே போர்த்தியிருக்கும் ட்ரெப்பீசியஸின் நடுப்பகுதிக்கும். ராம்பாய்டு சாய்சதுரம். ட்ரெப்பீசியஸ் கிரேக்கத்தில் சிறிய மேசை. உடலை அறுத்துப் பார்த்த ஆண்கள் அங்கே வடிவியலையும் தட்டுமுட்டுச் சாமான்களையும்தான் கண்டிருக்கிறார்கள். நான் குறை சொல்லவில்லை, பெயராவது வைத்தார்களே. இழுத்த உச்சியில் ஒரு நொடி நிறுத்த வேண்டும். இறக்கும்போது இரண்டு மூன்று நொடி எடுத்துக்கொண்டு இறக்க வேண்டும், பாதி லாபம் அங்கேதான். இழுக்கும்போது மூச்சை விட வேண்டும். தோள் காதை நோக்கி ஏறினால், உடம்பைத் திருப்பி உதறித் தூக்கினால், எடை அதிகம் என்று அர்த்தம். குறைத்துக்கொள்ள வேண்டும். மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வலியறிதலில் ஒரு குறள் இருக்கிறது. அதை 20 வருடமாக அரசனுக்குச் சொன்னதாகத்தான் நடத்திக்கொண்டிருந்தேன்.

முதுகில் ஒரு வினோதம், அதை நம்மால் பார்க்க முடியாது. கைத்தசை என்றால் கண்ணாடியில் தெரியும். முதுகு சரியாக வேலை செய்கிறதா என்பதை இன்னொருத்தி சொல்ல வேண்டும், அல்லது தொட்டுக் காட்ட வேண்டும். அவள் இரண்டு விரலைத் தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில் வைத்து, "இங்க வாங்கக்கா, என் விரல நசுக்குங்க" என்றபோதுதான் என் ராம்பாய்டு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. வாய்வார்த்தைக்கே இதில் பலன் உண்டு. எடைப்பயிற்சி பழக்கமில்லாத எட்டுப் பெண்களை வைத்து அமெரிக்காவில் செய்து 2009இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது: மேலிருந்து கம்பியை இழுக்கும் பயிற்சியில், எந்தத் தசையால் இழுப்பது என்று சொல்லிக் கொடுத்த பிறகு அவர்களின் லாட்டிசிமஸ் முன்பைவிடக் கூடுதலாக இயங்கியது. எடை அதேதான். மாறியது கவனம் மட்டும்.

தொடுவது என்றதும் உங்களுக்கு வேறு ஒன்றும் தோன்றியிருக்கும். எனக்கும்தான். குனிந்து, இடுப்பைப் பின்னால் தள்ளி நிற்கும் நிலையில், பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாமல், ஒரு பெண்ணால் தன் கவனத்தை லாட்டிசிமஸில் வைக்க முடியுமா? ஓசூரில் வேறொரு ஜிம்மில் சேர்ந்து மூன்றே நாளில் நின்றுவிட்ட என் தோழி சொன்னாள்: "அங்கே மாஸ்டர் கை வைப்பது தசையைக் காட்டத்தானா என்று ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டியிருந்தது. யோசிக்கும் வேலைக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?" இங்கே இவள் தொடுவதற்கு முன் கேட்பாள். முதல் நாள் மட்டுமல்ல, இப்போதும் கேட்கிறாள். "கை வைக்கட்டுமாக்கா?" இரண்டு வருடம் ஆகிவிட்டது, இன்னும் என்ன கேள்வி என்றால், "உங்களுக்கு இல்லக்கா, எனக்குப் பழக்கம் போயிடக் கூடாது" என்கிறாள்.

நான் பாடம் எடுக்கும் வகுப்பில் முதல் வருஷப் பெண்கள் உட்கார்ந்திருப்பதைக் கவனித்திருக்கிறேன். தோள்கள் முன்னால் உருண்டிருக்கும். நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டுதான் நடைபாதையில் நடப்பார்கள். 12, 13 வயதில் உடம்பு மாறத் தொடங்கியதும் நாம் எல்லோரும் கற்றுக்கொண்ட நிலை அது. யாரும் வகுப்பெடுக்கவில்லை. "துப்பட்டாவ ஒழுங்கா போடு" என்றார்கள், "நெஞ்ச நிமித்திட்டு நடக்காத" என்றார்கள், பேருந்தில் முழங்கைகள் மிச்சத்தைச் சொல்லிக் கொடுத்தன. ஒரு பெண் தன் உடம்பைச் செயல்படும் ஒன்றாகவும் பார்க்கப்படும் பொருளாகவும் ஒரே நேரத்தில் உணர்வதால்தான் தனக்கிருக்கும் இடத்தை முழுதாக எடுத்துக்கொள்வதில்லை என்று அமெரிக்கத் தத்துவவாதி ஐரிஸ் மரியான் யங் 1980இல் எழுதினார். பந்து எறிவதைப் பற்றிய கட்டுரை அது. அவர் குந்தாரப்பள்ளி டவுன் பஸ்ஸில் வந்திருந்தால் முதுகைப் பற்றி எழுதியிருப்பார்.

அந்த நிலையிலேயே 30 வருடம் இருந்தால், தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் இழுக்கும் தசைகள் தங்கள் வேலையை மறந்துபோகின்றன. ரோ கேட்பது சரியாக அதன் எதிர்ச்செயலை: தோள்பட்டைகளைப் பின்னுக்கு இழு, மார்பைத் திற. முதல் மாதம் எனக்கு அது தசைக்குக் கஷ்டமாக இல்லை, மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. பெண்கள் மட்டும் இருந்த அறையிலேயே மார்பு முன்னால் வந்ததும் கை தானாகத் துப்பட்டாவைத் தேடியது. அங்கே இருந்த மற்ற ஏழு பேருக்கும் கை அப்படித்தான் போனது என்பதைப் பார்த்தபோது எனக்கு ஆறுதலாக இல்லை, கோபம் வந்தது.

என் அம்மாவின் முதுகைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக் கிணற்றில் ராட்டினத்தில் கயிறு போட்டு அவர் தண்ணீர் சேந்துவதை நினைத்துப் பார்த்தால், கால்களை அகட்டி, முழங்கையை விலாவை ஒட்டி இழுத்து, ஒரு கை மாற்றி ஒரு கை, கிட்டத்தட்டப் பிசகில்லாத வடிவம். யாரும் பெயர் சொல்லாத ரோ. ஒரு நாளைக்கு 40, 50 குடம். இன்று அவர் முதுகு வளைந்து இறுகிவிட்டது. நிமிரச் சொன்னால் முழு உடம்பும் சேர்ந்து திரும்புகிறது. அந்தத் தண்ணீரிலேயே ஒரு காரணம் இருக்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். வருடக்கணக்காகக் குடித்தால் பல் மட்டும் பழுப்பதில்லை, முதுகெலும்பும் மூட்டுகளும் இறுகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃப்ளூரோசிஸ் தணிப்பு என்று இருக்கிறது. அந்தத் தண்ணீர் வந்தது 2013இல். அம்மாவுக்கு அப்போது 60 தாண்டிவிட்டது. குடிக்க வைத்த கிணற்றிலிருந்தே முதுகு வலிக்க வலிக்க இறைத்திருக்கிறார். இந்த முதுகுக்கு டம்பெல் பதில் அல்ல என்பது எனக்குத் தெரியும். உடற்பயிற்சி எல்லாவற்றையும் சரிசெய்யும் என்கிறவர்களிடம் எனக்கு இருக்கும் எரிச்சலுக்கு அம்மாவின் முதுகும் ஒரு காரணம். காலில் மரத்துப்போதல், சுருக்கென்று இறங்கும் வலி, எலும்பு தேய்வு இருப்பவர்கள் டாக்டரைப் பார்க்காமல் எடையைத் தொடக் கூடாது. குனிய முடியாதவர்களுக்கு, சாய்ந்த பெஞ்சில் மார்பை வைத்துப் படுத்தபடி இழுக்கும் ரோ இருக்கிறது, கீழ்முதுகுக்குப் பாரம் வராது.

ஆனால் 'வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே' என்கிறவர்களுக்கு வேறு பதில் இருக்கிறது. வீட்டு வேலை பெரும்பாலும் முன்னால் குனியும் வேலை. பெருக்குவது, துடைப்பது, பாத்திரம் தேய்ப்பது, மாவு பிசைவது. தக்காளி பறிப்பதும் ரோஜா வெட்டுவதும் அப்படியே. ஒரே எடை, ஒரே கோணம், ஒரே பக்கம், ஓய்வு நாள் கிடையாது. தசை பலப்படுவதற்குப் பாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும், நடுவில் அது ஆறுவதற்கு ஒன்றிரண்டு நாள் விட வேண்டும், வயிறு நிறையப் புரதம் வேண்டும். முட்டையைக் கணவனுக்கும் பிள்ளைக்கும் வைத்துவிட்டு எழுகிறவளுக்கு இதில் எது நடக்கிறது? வேலை உடம்பைச் செலவழிக்கிறது. நாங்கள் மாடியில் செய்வது சேமிப்பு. பெரியவர்கள் வாரத்துக்கு இரண்டு நாளாவது தசையைப் பலப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னபோது, அதில் பாத்திரம் தேய்ப்பதைச் சேர்க்கவில்லை.

சிலிண்டர் மட்டும் விதிவிலக்கு. எரிவாயு 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் 30 கிலோ பக்கம். "ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்று கேட்டுவிட்டு வாசலில் வைத்துப் போவார்கள். இப்போது நான் அதை இடுப்பிலிருந்து குனிந்து, வயிற்றை இறுக்கி, அகல்தசையால் அணைத்துத் தூக்கி அடுப்படியில் வைக்கிறேன். (அகல்தசை என்பது நான் வைத்த பெயர். லாட்டிசிமஸைவிட வாய்க்குச் சுலபம்.)

நம்மால் எவ்வளவு முடியும் என்பதை நமக்கு முன்பே யாரோ முடிவு செய்திருப்பது புதிதல்ல. ஒலிம்பிக்கில் பெண்களுக்குப் படகு வலிக்கும் போட்டி 1976இல் மாண்ட்ரியலில்தான் வந்தது. ஆண்களுக்கு 2,000 மீட்டர், பெண்களுக்கு 1,000. அதை 2,000 ஆக்க 1988 வரை ஆனது. பெண்கள் பளுதூக்குதல் வந்தது 2000இல், சிட்னியில். அந்த முதல் முறையிலேயே ஆந்திரத்தின் கர்ணம் மல்லேஸ்வரி 110, 130 என்று மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண். எங்கள் ஜிம்மின் சுவரில் ஒட்டியிருக்கும் ஏழு படங்களும் ஆண்கள். மல்லேஸ்வரி படம் ஒன்றை பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். ஃபேனுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்திருக்கிறது.

இப்போது சிக்கல் நேரத்தில் வந்து நிற்கிறது. பெண்களுக்குக் காலை 10 முதல் 12, மாலை 4 முதல் 6 என்று இருந்தது. மாலை நேரத்தை எடுத்துவிடப் போவதாக உரிமையாளர் சொல்கிறார். வருவது எட்டுப் பேர். அதே நேரத்தில் 30 பையன்கள் காத்திருக்கிறார்கள். அவர் கணக்கு அவருக்குச் சரி. எங்கள் கணக்கு வேறு. இந்தப் பகுதியின் தொழிற்சாலைகள் இப்போது பெண்களைத்தான் அழைக்கின்றன. போச்சம்பள்ளி அருகே வரும் ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள், 10,000 பேருக்கு வேலை என்று ஓலா நிறுவனம் 2021 செப்டம்பரில் அறிவித்தது. ஓசூரைச் சுற்றிய எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் பஸ்கள் எங்கள் கூட்ரோட்டில் நின்றுதான் போகின்றன. எட்டு மணி நேரம் நின்றோ குனிந்தோ சின்னஞ்சிறு பாகங்களைக் கோக்கும் முதுகுகள். ஏ ஷிஃப்ட்டுக்காரிகளுக்கு மதியம் இரண்டு மணிக்கு வேலை முடியும், அவர்களுக்கு மாலைதான் முடியும். அடுத்த வாரம் அதே பெண்களுக்கு பி ஷிஃப்ட், அப்போது காலைதான் முடியும். ஒன்றை எடுத்தால் அவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் வர முடியும். அப்படி வந்தால் எந்தத் தசையும் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது.

15 பேர் சேர்ந்தால் மாலை நேரத்தை விடுவதாக உரிமையாளரிடம் பேசி வைத்திருக்கிறோம். பஸ் ஸ்டாப்பில் பேசியதில் நான்கு பேர் வந்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி என் பழைய மாணவி, பி.ஏ. தமிழ், இப்போது லைனில் நிற்கிறாள். முதல் நாள் பெஞ்சில் கையை ஊன்றியதும், "மேடம், எங்க இழுக்கணும்?" என்று என்னைத்தான் கேட்டாள். கை வைக்கட்டுமா என்று கேட்டேன். தலையாட்டினாள். தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில் இரண்டு விரலை வைத்தேன். ஆறாவது தடவையில் நசுக்கினாள்.

இன்னும் மூன்று பேர் வேண்டும். மாதக் கடைசி வரை நேரம் கொடுத்திருக்கிறார்.